எதிராளியின் அப்புக்காத்தர்

அவர் உண்மையிலேயே அப்புக்காத்துதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அட்வகேட் என்ற சொல்லை யாழ்ப்பாணத்தார் தலைமுறை தலைமுறையாக வாயில் அதக்கி வைத்திருந்ததில் உண்டான சொல் அது. கனடாவின் மொன்றியலுக்கு வந்தும் நாங்கள் அதை விடவில்லை. நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் எல்லோருக்கும் அவர் அப்புக்காத்தர்தான். ஊரில் பெரிய கோட்டில் வாதாடியவர் என்று ஒரு கட்சி. இல்லை, கோட்டில் மொழிபெயர்ப்பாளராக நின்றவர் என்று இன்னொரு கட்சி. இரண்டும் இல்லை, அவருக்கே ஏகப்பட்ட வேலி வழக்குகள், போய்ப் போய் வந்ததில் சட்டம் ஒட்டிக்கொண்டது என்று மூன்றாவது கட்சி. ஒருநாள் துணிந்து அவரிடமே கேட்டேன்.

"மூண்டு பகுதியிலையும் நியாயம் இருக்கு" என்றார்.

அவரைப் பற்றி இனி நான் எழுதப்போவதெல்லாம் இந்த ஒரு வசனத்துக்கு உதாரணம்தான்.

ஊரில் போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு முப்பத்துநான்கு வயது. ஒரு கிரேக்கருடைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீட்டில், அப்புக்காத்தரோடு பங்குக்கு இருந்தேன். பகலில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினேன். மனைவியும் இரண்டு வயது மகளும் ஊரில். மகளை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். மகளும் என்னை அப்படியே. என் அகதிக் கேஸ் சரிவந்தால் அவர்களைக் கூப்பிடலாம். சரிவராவிட்டால் நான் அவர்களிடம் போகவேண்டும். கேட்பதற்கு இரண்டாவது நல்ல விஷயம்போல இருக்கும். அது ஏன் நல்ல விஷயம் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்புக்காத்தருக்கு ஐம்பத்தைந்து இருக்கலாம். துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிற வேலை. அதற்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போவார். பெட்டிகள் அதை எப்படி எடுத்துக்கொண்டன என்று தெரியாது. வந்தவுடன் பட்டியைக் கழற்றி, முடிச்சை அவிழ்க்காமலே ஆணியில் மாட்டி, அரிசி கழுவப் போவார்.

யாரையாவது பற்றி அவர் முன்னால் முறைப்பாடு சொன்னால் அவ்வளவுதான்; எதிராளி இலவசமாக ஒரு வக்கீலைப் பெற்றுவிடுவார். என் முதலாளி என்னை மாடாக வேலை வாங்குகிறார் என்றேன். அந்த மனிதரின் கஷ்டங்களை அப்புக்காத்தர் அடுக்கிய அடுக்கில், அடுத்தநாள் நான் அரைமணி முந்திப் போய்விட்டேன். ஜனவரி மாதம் பஸ்ஸுக்கு நின்று காது விறைத்து வந்து குளிரைத் திட்டினேன். "குளிரின்ரை பக்கத்தையும் நாங்கள் கேக்கவேணும்" என்றார். கேட்டேன். சாப்பாடு ஆறிவிட்டது.

இந்தப் பழக்கம் அவருக்குப் பிறவியில் வந்ததா, புத்தகத்தில் வந்ததா என்பது அடுத்த குழப்பம்.

புத்தகம் ஒரு மாதா கோயில் நிலவறையில் பழம்பொருள் விற்றபோது கிடைத்தது. ஆங்கிலம். பழைய, தடித்த புத்தகம். அட்டை இல்லை, முதல் அத்தியாயம் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. அமெரிக்கா ஒரு நாடாகி அதிக காலம் ஆகாத நாட்களில் வாழ்ந்த ஒரு சட்டத்தரணி, அரசியல்வாதியின் வாழ்க்கையும் தொழிலும். முழுப்பெயர் கிழிந்த பக்கங்களோடு போய்விட்டது. மிஞ்சியது குடும்பப் பெயர் மட்டும். அந்தப் பெயர் அமெரிக்காவில் எங்கள் ஊரில் கந்தையா மாதிரி. பின்னாளில் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். அந்தப் பெயரில், அந்தக் காலத்தில், சட்டமும் படித்து அரசியலிலும் விழுந்தவர்கள் ஏழு பேர் அகப்பட்டார்கள். நான் எட்டாவது ஆள் வருவதற்குள் மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அப்புக்காத்தர் அவனை "எங்கடை அமெரிக்கன்" என்பார். குடியானவன் மகன். ஒரு லோயரின் கந்தோரில் தரை கூட்டிக் கூட்டிச் சட்டம் படித்தவன். குதிரையில் ஊரூராய்ப் போய் வழக்குப் பேசியவன். சட்டசபைக்குப் போனான், கட்சி மாறினான், திரும்பவும் மாறினான். தான் கொண்டுவந்த சட்டமூலத்துக்குத் தானே எழுந்து மறுப்புச் சொன்னான். கொஞ்சக்காலம் நீதவானாக இருந்து, இரண்டு பக்கமும் சரியாகவே படுகிறது என்று சொல்லி அந்த வேலையை விட்டான். கடைசியாக மிஞ்சிய பக்கத்தில் ஒரு பெரிய தேர்தலுக்கு நிற்கிறான். வென்றானா தோற்றானா என்பது கிழிந்துபோயிற்று.

அவனுடைய வித்தை ஒன்றே ஒன்று. வழக்கில் முதலில் எதிராளியின் கட்சியை, அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்வான். எதிராளியின் லோயரை விட வடிவாகச் சொல்வான். ஒரு மில்லுக்காரன் அணை கட்டித் தண்ணீரை மறித்த வழக்கில், இவன் எதிராளியின் கட்சியை எடுத்துச்சொன்ன அழகில், இவனுடைய கட்சிக்காரனே எழுந்துவந்து சட்டையைப் பிடித்தானாம். அதன் பிறகுதான் தன் கட்சியைச் சொன்னான். வென்றான்.

இதை நான் நம்பினேன். ஆனால் அதே மூச்சில் அமெரிக்கன் ஒரு விதவைக்காக வேலி வழக்குப் பேசிய கதையும் வந்தது. வேலி அடைக்கிற ஒவ்வொரு வருடமும் பக்கத்து வளவுக்காரன் கதியால் தடியை ஒரு விரற்கடை தள்ளித் தள்ளி நட்டு, ஒரு பூவரச மரத்தையே தன் பக்கம் எடுத்துவிட்டான். அமெரிக்கன் தென்னோலைக் கிடுகைத் தூக்கிப் பார்த்தான் என்றபோது நான் இடைமறித்தேன்.

"அண்ணை, அமெரிக்காவிலை கிடுகு ஏது?"

"வேலி இருந்ததோ இல்லையோ?"

"இருந்திருக்கும்."

"பேந்தென்ன. கிடுகிலை என்ன கிடக்கு."

அதற்குப் பிறகு எந்த வழக்கு அமெரிக்கன் பேசியது, எந்த வழக்கு இவர் பேசியது, எது ஒருவரும் பேசாதது என்று பிரித்துப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். அது ஒரு பிழை.

வித்தை வேலை செய்யுமா என்றால், செய்யும். ஒரு மாரிக் குளிரில் எங்கள் கட்டடத்தில் சூடாக்கி நின்றுவிட்டது. எல்லா வீட்டுக்காரரும் சேர்ந்து அப்புக்காத்தரைப் பேச அனுப்பினார்கள். பின்னால் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், கம்பளிக்குள். அப்புக்காத்தர் கிரேக்கரின் கதவைத் தட்டி, கட்டடம் எவ்வளவு பழையது, அந்தக் கொதிகலனுக்குப் பாகம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம், மனைவி நோயாளியாக இருக்கும்போது ஒரு மனிதன் எத்தனை பேருடைய முணுமுணுப்பைத்தான் கேட்பான் என்று அரைமணி நேரம் பேசினார். எங்கள் கூட்டத்தில் இரண்டுபேர் மெல்லத் திரும்பிப் போய்விட்டார்கள். நான் இவரை அனுப்பியவர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். கிரேக்கர் கண்ணைத் துடைத்தார். அடுத்தநாள் காலை சூடாக்கி வேலை செய்தது. அன்றிலிருந்து கிரேக்கர் அவருக்கு ஒலிவ்காய்ப் போத்தல் கொண்டுவந்து வைப்பார். அப்புக்காத்தருக்கு ஒலிவ்காய் பிடிக்காது. ஒலிவ்காயின் பக்கத்தையும் யோசித்து எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

இனி என் கேஸ்.

அந்த நாட்களில் கேஸ் எழுதிக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். எனக்கு எழுதித் தந்தவர் ஒரு பேஸ்மன்டில் இருந்தார். அவரிடம் நல்ல கதைகள் இரண்டோ மூன்றோதான். எனக்குக் கிடைத்தது கடல்நீரேரிக் கதை. இருட்டில், இரண்டு பக்கமும் துவக்குச் சூடு நடக்க, சேர்ட்டிபிக்கற்றுகளைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு நான் நீந்தி அக்கரை சேருகிறேன். அந்தக் கதை எனக்கு முன்னால் வேறு சிலருக்கும் கிடைத்திருந்தது. அவ்வளவு பேரும் உண்மையாகவே நீந்தியிருந்தால் அந்த வருடம் நீரேரியில் மீனுக்கு இடம் இருந்திராது. நான் பிறந்து வளர்ந்த இடத்தில் ஆழமான தண்ணீர் என்றால் கிணறு. அதற்குள் ஒருவரும் நீந்துவதில்லை. விழுவதுதான்.

விசாரணைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அப்புக்காத்தர் என்னைப் பழக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை, குசினி மேசை. ஜன்னல் பக்கக் கதிரையில் அவர், விசாரிக்கிற அதிகாரியாக. கறுப்புக் குளிர்கோட்டும் போட்டுக்கொள்வார். கதவுப் பக்கக் கதிரையில் நான், நானாக.

"முதல் எந்தக் கையைப் போட்டு நீந்தினனீர்?"

"வலக்கை."

"பொலித்தீன் பை?"

"இடக்கையிலை."

"அப்ப இடக்கை நீந்தேல்லை."

"கொஞ்சம் நீந்தினது."

அவர் பேனையை மேசையில் வைத்தார். "உமக்கு நீந்தத் தெரியாது."

"தெரியாது."

"அப்ப உம்மடை கேஸ்தான் என்ன? அதிலை கூடாத இடம் எது? நீர் ஒருத்தருக்கும் சொல்லாத இடம்."

அதை நான் மனைவிக்குக்கூட முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. அவருக்குச் சொன்னேன். நான் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளாக்கராக இருந்தேன். எந்த வீட்டில் எத்தனை பேர், அவர்களுக்கு எவ்வளவு அரிசி என்று பங்கீட்டுப் பட்டியல் எழுதுவது என் வேலை. இயக்கம் வந்து பட்டியலில் ஒரு பிரதி கேட்டது. எழுதிக் கொடுத்தேன். ஆமி வந்து கேட்டது. அதற்கும் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து நல்ல கையெழுத்து. ஒரு வீட்டில் மூத்த மகன் நெடுநாளாக இல்லை. அவனுடைய பங்கை வெட்டுவதற்காக அவன் பெயருக்கு நேரே 'வீட்டில் இல்லை' என்று குறித்திருந்தேன். அந்தக் குறிப்போடேயே பிரதி எடுத்தேன். இல்லாதவன் எங்கே என்று கேட்டு, இருந்த தகப்பனை ஆமி கொண்டுபோனது. அவர் திரும்பி வரவில்லை.

இப்போது சமாதானம். மகன் ஊருக்கு வந்துவிட்டான். ஒருநாள் எங்கள் வீட்டுக்கும் வந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, மகளின் தலையைத் தடவி, "அவர் எப்ப வாறார்?" என்று மரியாதையாக என் மனைவியிடம் கேட்டுவிட்டுப் போயிருந்தான். வந்தவன் நல்ல பண்பான பிள்ளை என்று மனைவி போனில் சொன்னாள்.

நான் சொல்லி முடித்தேன். உன்னில் பிழையில்லை என்று யாராவது சொல்லவேண்டும்போல இருந்தது. அப்புக்காத்தர் கோட்டைக் கழற்றவில்லை. அந்த மகனுக்காகத் தான் ஆஜரானால் என்ன சொல்லுவேன் என்று ஆரம்பித்து, பத்து நிமிஷம் பேசினார். தகப்பன் சங்கக்கடைக்கு வருகிற நடையைக்கூடச் சொன்னார். அவர் அந்த மனிதரைக் கண்டதே இல்லை. இனி என் பக்கத்தைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார்.

"உம்மடை பக்கத்தை நீர்தான் சொல்லவேணும்" என்றார். "அங்கை போய் உந்தப் பட்டியலிலை தொடங்கும்."

"சொன்னா அனுப்பிப்போடுவினமே அண்ணை."

"அனுப்பலாம். அவை நீர் மறைக்கிறதைத்தான் தேடுவினம். மறைக்க ஒண்டும் இல்லாட்டி அவைக்கு நேரம் மிஞ்சும். மிஞ்சின நேரத்திலை உம்மைப் பாப்பினம்."

என் லோயர் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண். நீரேரியை வெட்டிவிட்டுச் சங்கக்கடையை எழுதச் சொன்னபோது, என்னையும் கடுதாசியையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு பிந்தியா என்று மட்டும் கேட்டார்.

விசாரணையில் முதல் கேள்வியே அதுதான். ஏன் கதையை மாற்றினீர்? எனக்கு நீந்தத் தெரியாது என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே மொழிபெயர்த்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு நான் பட்டியலைச் சொன்னேன். நிறையக் கேட்டார்கள். எல்லாம் சொன்னேன். மறைக்க ஒன்றும் இல்லாமல் போனது. உண்மையாகவே நேரம் மிஞ்சியது.

இப்போது சமாதானம்தானே, ஏன் திரும்பிப் போக முடியாது என்று கேட்டார் அதிகாரி. இந்தக் கேள்விக்கு நான் நன்றாகப் பழகியிருந்தேன். முதலில் எதிராளியின் கட்சி. பாதை திறந்துவிட்டது என்றேன். பஸ் ஓடுகிறது. மாம்பழம் கொழும்புக்குப் போகிறது. மனைவி பிள்ளை அங்கேதான். வெளிநாட்டிலிருந்து சனம் லீவுக்குப் போய் வருகிறது. அமெரிக்கனே எழுந்து கைகொடுத்திருப்பான். அதோடு நின்றுவிட்டேன். அடுத்தது என் கட்சி. அது தலையில் இல்லை. லோயர் தன் பேனையைப் பார்த்தார். அறை முழுக்க என் எதிராளியின் வெற்றி.

அப்படியானால் போக விருப்பமா என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"விருப்பம்" என்றேன். பிறகு, யாரும் எழுதித் தராத, யாரும் பழக்காத ஒன்று வாயில் வந்தது. "முந்தி ரெண்டு பகுதியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு நிண்டவை. இப்ப சமாதானம். இப்ப அவைக்கு என்னைப் பாக்க நேரமிருக்கு."

கேஸ் சரிவந்தது.

கடிதத்தைக் கொண்டு மூன்று மாடியும் ஓடி ஏறினேன். அப்புக்காத்தர் முழுதாகப் படித்தார். அதிகாரி இரண்டு இடத்தில் பலவீனமாக எழுதியிருக்கிறார், தான் என்றால் இதை உடைப்பேன் என்றார். பிறகு என் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரிடம் கேட்டேன், உங்கடை கேஸ் என்ன மாதிரி என்று. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை.

"அது கிடக்கட்டும். எங்கடை அமெரிக்கனுக்கும் ஒருக்கா ஒரு சொந்த வழக்கு வந்தது, சொன்னனானோ?" என்றார்.

சொல்லியிருக்கவில்லை. அமெரிக்கன் தன் வழக்கைத் தானே பேச நின்றானாம். வழக்கம்போல எதிராளியின் கட்சியை முதலில் எடுத்தான். அன்றைக்குப் போல அவன் ஒருநாளும் பேசியதில்லை. சொல்லி முடித்துத் தன் கட்சிக்குத் திரும்பினால், சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. எதிராளி சொல்வதே சரி என்று அவனுக்கே பட்டுவிட்டது. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

இந்தக் கதைக்கு நான் என்ன மறுமொழி சொன்னேன் என்பதை இப்போதைக்கு விடுகிறேன்.

சூட்டோடு சூடாக மனைவியையும் மகளையும் கூப்பிடக் கடுதாசி போட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் சம்பளம் கூடிய வேலை ஒன்று கிடைத்து, அங்கேயே அறை எடுத்துப் போனேன். கிழமைக்கு ஒருதரம் போவேன் என்று நினைத்தேன். மாதத்துக்கு ஒருதரமாகி, பிறகு போன் ஆகியது. ஒரு வசந்தத்தில் போனை ஒருவரும் எடுக்கவில்லை. போய்ப் பார்த்தேன். மூன்றாம் மாடியில் ஒரு வங்காளிக் குடும்பம் இருந்தது. கிரேக்கர் என்னைத் தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

அப்புக்காத்தரின் கேஸ் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே தோற்றுப்போனது என்றார் அவர். அவர் நல்லவர் என்று சாட்சி சொல்லக் கிரேக்கரும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போயிருந்தாராம். ஏன் திரும்பிப் போக முடியாது என்று கேட்டார்கள். அப்புக்காத்தர் அரைமணி நேரம் பேசினார். "எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அவர் பேசி முடித்தபோது, அவர் போகத்தான் வேண்டும் என்று நானும் நினைத்தேன். அதை நினைத்து இன்னும் எனக்கு வெட்கம்" என்றார் கிரேக்கர், மூன்று பாஷையும் கலந்து. அதன் பிறகு அந்த மனு, இந்த மனு என்று வருடங்கள் இழுபட்டன. கடைசியில் கூட்டிக்கொண்டு போகக் குடிவரவிலிருந்து இரண்டுபேர் வந்தார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவர்கள் செய்வது ஏன் சரி என்று விளக்கிவிட்டு, ஆணியிலிருந்த கழுத்துப்பட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்.

எனக்கென்று ஒரு பொதி வைத்திருந்தார். புத்தகம்.

அதற்குப் பிறகு வந்த செய்திகளும் அவர் மாதிரியே. ஊரில் ஒரு கோட்டு வாசலில் வெள்ளைச் சட்டையோடு கண்டதாக, ஒரு சாமத்தியச் சடங்குக்குப் போய்வந்த ஒருவர் சொன்னார். கொழும்பில் இறங்கவே இல்லை, இடையில் எங்கோ பிளேன் மாறிவிட்டார் என்று இன்னொருவர். போன கோடையில், இல்-பிசார் தீவிலிருந்து லவாலுக்கு வருகிற படகில், தொப்பி போட்டபடி லவால் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார் என்று என் மனைவியே சத்தியம் பண்ணினாள். அவள் அவரைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்தவள். மூன்று பகுதியிலும் நியாயம் இருக்கிறது.

புத்தகத்தை அகராதி வைத்து முழுதும் வாசித்தேன். இரண்டு மாரி எடுத்தது. மில்லுக்காரனின் அணை இருக்கிறது. கட்சி மாறியது, திரும்ப மாறியது, எல்லாம் இருக்கிறது. வேலி வழக்கு இல்லை. விதவையும் பூவரச மரமும் இல்லை. தன் வழக்கைத் தானே பேசித் தோற்ற கதையும் இல்லை. கிழிந்துபோன பக்கங்களில் இருக்கலாம் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். வாதம் பலவீனம். அவர் என்றால் உடைத்துவிடுவார்.

அந்தக் குசினி மேசையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருந்தோம். ஒருநாளாவது கதிரை மாறி இருக்கவில்லை. அவர் கதவுப் பக்கம் இருந்து தன் கதையைச் சொல்ல, நான் ஜன்னல் பக்கம் இருந்து, அது கிடக்கட்டும் அண்ணை, உங்கடை பக்கம் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்கு அப்புக்காத்தாக இருக்கத் தேவையில்லை. கோப்பை கழுவுகிறவனே போதும்.

நான் விட்டுவைத்த மறுமொழி இதுதான். அமெரிக்கன் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்தில், கையில் என் கடிதத்தோடு, நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் என்னை முழுதாகச் சிரிக்க விட்டார். பிறகு, என் சிரிப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டினார்.